சோலை வரி ஏறினால் சுமை யார் தலையில்?

ஜனவரி பிறந்தால் எங்கள் வீட்டுக்கு இரண்டு பட்டியல்கள் வரும். ஒன்று, பாடசாலைக்கு வாங்க வேண்டிய கொப்பிகளின் பட்டியல். மற்றது, சபையிலிருந்து வரும் சோலை வரி அறிவித்தல். முதலாவதை எல்லோரும் கூடி வாசிப்போம். இரண்டாவதை யாரும் வாசிப்பதில்லை. கீழே உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு, வாப்பா அதை மின்சாரப் பட்டியலோடு சேர்த்து ஆணியில் குத்தி வைத்துவிடுவார்.

அண்மையில் வந்த அறிவித்தலை மட்டும் எல்லோரும் வாசித்தோம். புதிய மதிப்பீட்டின்படி தொகை ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தது. வீடு இன்னும் உம்மும்மாவின் பெயரில்தான் இருக்கிறது. அவருடைய கல்யாணத்தின்போது அவருடைய வாப்பா கட்டிக் கொடுத்த வீடு அது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு அறிவித்தலைப் பார்த்த உம்மும்மா என்னிடம் கேட்டார்: "ஊடு அதே ஊடுதானே மகள். ஒரு கல்லாவது புதுசா வெச்சமா? வரி மட்டும் எப்படிக் கூடும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே போகிறது. எனவே இன்று உம்மும்மாவின் பெயருக்கு வரும் இந்தக் கடதாசி, நாளை இதை வாசிக்கும் மாணவியர் பலரின் பெயருக்கே வரும். அதனால் இது பெரியவர்களின் விடயம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இது என்ன வரி?

கிழக்கில் சோலை வரி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஆதன வரி என்பார்கள். கொழும்புப் பக்கம் மதிப்பீட்டு வரி என்பார்கள். பெயர் எதுவானாலும் வரி ஒன்றுதான். வீடு, கடை, வெற்றுக்காணி போன்ற அசையாத சொத்துகளுக்காக மாநகர சபையும் நகர சபையும் பிரதேச சபையும் அறவிடுவது இது. பிரதேச சபைகள் தமது எல்லை முழுவதிலும் இதை அறவிடுவதில்லை. கட்டடங்கள் நெருங்கி வளர்ந்த பகுதி எனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களிலேயே அறவிடுகின்றன.

இது புதிய வரியன்று. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் தோன்றிய காலந்தொட்டு, நகர நிருவாகத்தின் அடிப்படை வருமானங்களுள் ஒன்றாக இது இருந்து வருகிறது. குப்பை அள்ளும் வண்டி, தெரு விளக்கு, வடிகான், ஒழுங்கைகளின் கொங்கிறீட்டு, பொது நூலகம், சந்தை, மையவாடிக்குப் போகும் பாதை என்று நாம் நாளாந்தம் காணும் பல சேவைகளுக்கு இந்தப் பணமும் போகிறது. வருமான வரி கொழும்பிலுள்ள திறைசேரிக்குப் போகும். சோலை வரி நம் ஊரிலேயே நிற்கும். இதுவே இந்த வரியின் பெரிய சிறப்பு.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

இரண்டு இலக்கங்களை விளங்கிக்கொண்டால் முழு அறிவித்தலும் விளங்கிவிடும்.

முதலாவது, வருடாந்தப் பெறுமதி. இது வீட்டின் விற்பனை விலையன்று. அந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு. சொந்த வீட்டில் வாழ்ந்து ஒரு சதமும் வாடகை பெறாதவருக்கும் இந்தப் பெறுமதி உண்டு. விலைமதிப்பீட்டுத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் வந்து அறைகளையும் கூரையையும் பாதையையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போவது இதற்காகத்தான்.

இரண்டாவது, வரி வீதம். வருடாந்தப் பெறுமதியில் நூற்றுக்கு எவ்வளவு அறவிடுவது என்பதைச் சபை தீர்மானித்து வர்த்தமானியில் அறிவிக்கும். வீட்டுக்கு ஒரு வீதமும் வியாபார இடத்துக்கு அதைவிடக் கூடிய வீதமும் இருப்பது வழக்கம்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்குப் பார்ப்போம். ஒரு வீட்டின் வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபா, வரி வீதம் 10% என்றால், ஆண்டு வரி 6,000 ரூபா. அதைக் காலாண்டுக்கு 1,500 ரூபாவாகக் கட்டலாம். புதிய மதிப்பீட்டில் பெறுமதி 180,000 ரூபாவாகிறது என்று வைத்துக்கொள்வோம். சபை வீதத்தை மாற்றாமல் விட்டால் வரி 18,000 ரூபா. வீதத்தை 5% ஆகக் குறைத்தால் 9,000 ரூபா. ஆக, உம்மும்மா கேட்டதற்கான பதிலின் முதற்பாதி இதுதான்: வீடு மாறாவிட்டாலும் அந்த வீட்டின் வாடகைப் பெறுமதி மாறும். ஆனால் பெறுமதி மூன்று மடங்காகிவிட்டது என்பதற்காக வரியும் மூன்று மடங்காகியே ஆகவேண்டும் என்றில்லை. பெறுமதியைக் குறிப்பவர் ஒருவர். வீதத்தை முடிவு செய்வது சபை. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலரும் யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் வரி கட்டும் கருமபீடத்தில் நின்று சத்தம் போட்டுவிட்டு வருகிறார்கள்.

ஏன் திடீரென்று ஏறுகிறது?

மதிப்பீட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் உயர்வு படிப்படியாக வரும். நடப்பது வேறு. வரியைக் கூட்டினால் மக்கள் கோபிப்பார்கள் என்று பல இடங்களில் அதை ஒத்திப்போட்டுக்கொண்டே போகிறார்கள். ஒருநாள் கணக்கெடுக்கும்போது பல ஆண்டுகளின் உயர்வும் ஒரே நாளில் வந்து விழுகிறது.

இது நமக்கு மட்டும் நேர்வதன்று. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, வீட்டின் பரப்புக்கும் இடத்துக்கும் ஏற்ப 25% முதல் 150% வரை ஒரேயடியாக ஏறியது. சென்னையின் மையப் பகுதியில் அதற்கு முன் பொது உயர்வு நடந்தது 1998இல். இங்கிலாந்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கு வீட்டு வரி இன்றும் 1991 ஏப்ரல் மாதத்து விலையை வைத்தே பிரிக்கப்படுகிறது. அந்த ஆண்டின் பின் கட்டிய வீட்டுக்கும், அது 1991இல் இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கற்பனை செய்தே வரி போடுகிறார்கள்.

எம் நாட்டில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2022 பொருளாதார நெருக்கடியில் விலைவாசி தலைதெறிக்க ஓடியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8% ஆக இருந்தது. வீட்டுச் செலவு ஏறியதுபோலவே, குப்பை வண்டிக்கான டீசலும் தெரு விளக்கின் குமிழும் சபைக்கும் விலை ஏறின. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த சுமார் 3 பில்லியன் டொலர் உடன்பாட்டில், நாடு முழுவதற்குமான ஆதன வரி ஒன்றை அறிமுகப்படுத்தும் யோசனையும் இருந்தது. அது பின்னர் பிற்போடப்பட்டாலும், வீட்டின் மீதான வரி பற்றிய பேச்சு இனி ஓயாது என்பது தெளிவு.

உச்சவரம்பு வைத்தால் என்ன?

"இத்தனை வீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் போயிற்று" என்று வாப்பா சொன்னார். கேட்கும்போது நியாயமாகவே தோன்றுகிறது. இதை உண்மையாகவே செய்து பார்த்த ஓர் இடம் உலகில் உண்டு. அது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம்.

1970களில் அங்கு வீட்டு விலைகள் வேகமாக ஏறின. வரியும் கூடவே ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள், கடனெல்லாம் கட்டி முடித்த தம் வீட்டையே வரிக்காக விற்க வேண்டிவருமோ என்று அஞ்சினார்கள். 1978 ஜூன் 6ஆம் திகதி 13ஆம் இலக்க முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஏறக்குறைய 65% வாக்குகளால் அது வென்றது. அதன்படி வீட்டு வரி, பெறுமதியில் 1% ஐத் தாண்டக்கூடாது. பெறுமதியை 1975-76 நிலைக்குப் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும். அதன் பின் ஆண்டுக்கு 2% இற்கு மேல் அதை ஏற்றக்கூடாது. வீடு கைமாறினால் மட்டும் புதிய விலைக்கு மதிப்பிடலாம்.

முதியவர்களின் அச்சம் தீர்ந்தது. அடுத்த ஆண்டு வரி எவ்வளவு வரும் என்று எவரும் முன்கூட்டியே கணக்கிடலாம் என்ற நிம்மதி வந்தது. இதைச் சிறிய நன்மை என்று சொல்ல முடியாது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அச்சபைகளுக்கு வந்துகொண்டிருந்த வீட்டு வரி வருமானம் பாதிக்கும் மேல் வீழ்ந்தது. பாடசாலைகளும் உள்ளூர்ச் சபைகளும் மாநில அரசின் கையை எதிர்பார்க்கும் நிலை வந்தது. பழைய வீட்டுக்காரர் இடம்மாறத் தயங்கினார். மாறினால் புதிய விலைக்கு வரி வந்துவிடுமே! எல்லாவற்றையும்விட விசித்திரமானது, ஒரே தெருவில் ஒரே மாதிரியான இரு வீடுகளுக்கு வெவ்வேறு வரி வந்ததுதான். 1988இல் லொஸ் ஏஞ்சலிஸில் 170,000 டொலருக்கு வீடு வாங்கிய ஒரு பெண், 1975 முதல் அங்கு வாழும் அயலவரைவிடச் சுமார் ஐந்து மடங்கு வரி கட்ட வேண்டியிருந்தது. அவர் வழக்கை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1992இல் எட்டு நீதியரசர்கள் சட்டம் செல்லும் என்றார்கள். ஒருவர் மட்டுமே மறுத்தார். வழக்குத் தோற்றது.

இன்னுமொன்று. முதியவர்களுக்காக வந்த அந்த வரம்பு பெரிய கம்பனிகளின் கட்டடங்களுக்கும் பொருந்தியது. அதை மாற்றும் முயற்சி 2020இல் வாக்கெடுப்பில் சிறு வித்தியாசத்தில் தோற்றது. பெற்றோரின் பழைய குறைந்த வரியோடு வீட்டைப் பெற்ற பிள்ளைகள் பலர், தாம் அங்கு வாழாமல் அதிக வாடகைக்குக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். அதே 2020இல் இன்னொரு வாக்கெடுப்பின் மூலம் அது கட்டுப்படுத்தப்பட்டது. பெற்ற வீட்டில் தாமே வாழ்ந்தால்தான் இனிச் சலுகை.

இரண்டு வீடுகளின் கதை

உச்சவரம்பு வரியை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்பதை விளங்கிக்கொள்ள இன்னுமொரு கற்பனைக் கணக்கு.

ஒரு சிற்றூரில் இரண்டே வீடுகள். ஒன்று பிரதான வீதியில், மற்றது ஆற்றோரத்தில். தொடக்கத்தில் இரண்டினதும் வருடாந்தப் பெறுமதி 100,000 ரூபா. சபைக்குத் தேவை 12,000 ரூபா. வீதம் 6%. ஆளுக்கு 6,000 ரூபா. நியாயமான பங்கு.

காலம் போகிறது. பிரதான வீதியில் வங்கியும் கடைகளும் வந்து அந்த வீட்டின் பெறுமதி 300,000 ரூபா ஆகிறது. ஆற்றோரத்து வீடு மாரி வெள்ளத்தில் நனைந்தபடி அதே 100,000 ரூபாவிலேயே நிற்கிறது. சபையின் தேவை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் 3% போதும். வீதியோர வீடு 9,000 ரூபாவும் ஆற்றோர வீடு 3,000 ரூபாவும் கட்ட வேண்டும். ஆனால் பழைய பெறுமதியையே வைத்திருந்தால், இருவரும் இன்னும் ஆளுக்கு 6,000 ரூபாதான் கட்டுவார்கள். அதாவது வீதியோர வீட்டின் 3,000 ரூபாவை ஆற்றோர வீடு சுமக்கிறது.

மதிப்பீட்டை நிறுத்தி வைப்பதால் ஏழைக்கு நன்மை என்று நான் நினைத்திருந்தேன். இந்தக் கணக்கைப் போட்ட பின்தான் அது எப்போதும் சரியன்று என்று தெரிந்தது. பெறுமதி ஏறாத பகுதியில் இருப்பவர், பெறுமதி ஏறிய பகுதியில் இருப்பவருக்காகச் சத்தமின்றிக் கட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு அறிவித்தலில் எந்த உயர்வும் தெரியாது. அதனால் அவர் கேள்வியும் கேட்கமாட்டார்.

அப்படியென்றால் உம்மும்மா?

இங்கேதான் சிக்கல். அந்த வீதியோர வீட்டில் இருப்பவர் பணக்காரராகத்தான் இருக்க வேண்டுமா? கணவர் வபாத்தாகி, பிள்ளைகள் அனுப்பும் சிறு தொகையில் வாழும் ஒரு மூதாட்டியாகவும் இருக்கலாமே. கையில் காசில்லை, தலைக்கு மேலே மட்டும் பெறுமதியான கூரை. வீட்டின் ஒரு சுவரை விற்று வரி கட்ட முடியாது. நிலுவை சேர்ந்தால் மேலதிகச் செலவும் சேரும். பொருட்களையும் ஆதனத்தையும் தடைசெய்து விற்கும் அதிகாரமும் சட்டத்தில் சபைக்கு உண்டு.

எனவே வீட்டுக்குப் போடும் வரம்பைவிட, ஆளுக்குச் செய்யும் உதவியே பொருத்தம் என்று தோன்றுகிறது. உலகில் இதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, வருமானத்தோடு ஒப்பிடுவது. நம் வீட்டில் மின்சாரம் அளவுமீறினால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீட்டைக் காக்கிறது அல்லவா? அதுபோல, ஒரு குடும்பத்தின் வருமானத்தில் குறித்த பங்கை வரி தாண்டினால், மிகுதியை அரசு பொறுக்கும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் 1964இல் இதைத் தொடங்கியது. பின்னர் வேறு மாநிலங்களும் பின்பற்றின.

இரண்டாவது, பிற்போடுவது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதைக் கடந்தவர்கள் வரியை வீட்டின் மீதான கடனாக வைத்து, வீடு கைமாறும்போது கட்டலாம். ஆனால் அங்கு அதற்கு வட்டி உண்டு. நமக்கு அது தடை. வட்டியில்லாமல் செய்தால், அது மரணித்தவரின் மற்றக் கடன்களைப்போல, சொத்தை வாரிசுகளுக்குப் பிரிக்குமுன் தீர்க்கப்பட வேண்டிய ஒரு கடனாக இருக்கும். இது நமக்குப் புதிய சிந்தனையன்று.

மூன்றாவது, படிப்படியாக ஏற்றுவது. உயர்வு மூன்று மடங்கென்றாலும் அதை ஒரே ஜனவரியில் கேட்காமல் சில ஆண்டுகளுக்குப் பங்கிடுவது. இதில் சபைக்கு நட்டமும் குறைவு, குடும்பத்துக்கு மூச்சுவிட அவகாசமும் உண்டு.

நம் வரலாற்றில் ஒரு கேள்வி

ஈராக்கின் ஸவாத் நிலங்களை அளந்து வரி விதிக்கும் பொறுப்பை உமர் (ரழி) அவர்கள், ஹுதைபா (ரழி), உஸ்மான் இப்னு ஹுனைப் (ரழி) ஆகியோரிடம் ஒப்படைத்திருந்தார்கள். தாம் கத்தியால் குத்தப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், அந்நிலத்தால் தாங்க முடியாத சுமையை அதன்மேல் ஏற்றிவிட்டீர்களோ என்று அவ்விருவரிடமும் கவலையோடு விசாரித்தார்கள். அல்லாஹ் தமக்கு ஆயுளைத் தந்தால், ஈராக்கின் விதவைகள் தமக்குப் பின் எவரிடமும் தேவையாகாத நிலையில் அவர்களை விட்டுச் செல்வேன் என்றும் சொன்னார்கள். ஸஹீஹுல் புஹாரியில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

கராஜும் இன்றைய சோலை வரியும் ஒன்றல்ல. ஆனால் அந்த ஒரே உரையாடலில் வரியும் விதவைகளும் சேர்ந்து வருவதை நாம் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் கலீபா ஹாரூன் அல் ரஷீதுக்காக 'கிதாபுல் கராஜ்' எழுதிய இமாம் அபூ யூஸுப் (ரஹ்), நில அளவுக்கு ஒரே தொகை என்று வைப்பதைவிட விளைச்சலில் ஒரு பங்கு பெறுவதையே விரும்பினார். தாங்கும் சக்திக்கேற்ப வரி என்ற கொள்கை அதில் தெளிவாகத் தெரிகிறது.

நாம் செய்யக்கூடியது

முதலில், அறிவித்தலை வாசிப்போம். வருடாந்தப் பெறுமதி எவ்வளவு, வீதம் எவ்வளவு, பழைய நிலுவை எவ்வளவு என்று வேறுவேறாகப் பார்ப்போம். தொகை ஏறியது பெறுமதியாலா வீதத்தாலா என்பது அப்போதே தெரியும்.

பெறுமதி பிழையென்றால், அறிவித்தலில் குறித்த திகதிக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இல்லாத அறையை எழுதியிருக்கலாம், உடைந்த கட்டடத்தைக் கடையென்று குறித்திருக்கலாம். விசாரணைக்குப் பின்னும் திருப்தியில்லையென்றால் நீதிமன்றம் செல்லவும் சட்டத்தில் இடமுண்டு. திகதி தவறினால் அந்த வாய்ப்பும் தவறிவிடும். வீதம்தான் பிரச்சினையென்றால், அதைப் பேச வேண்டிய இடம் சபையும் நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினருமே. 2025 மே மாதத் தேர்தலின் பின் சபைகளில் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். சபையின் வரவு செலவுத் திட்டத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

முழு ஆண்டு வரியையும் ஜனவரி 31இற்கு முன் கட்டினால் 10% கழிவு கிடைக்கும். காலாண்டின் முதல் மாதத்துக்குள் அந்தக் காலாண்டுப் பணத்தைக் கட்டினால் 5% கழிவு. நமது கற்பனைக் கணக்கில் 6,000 ரூபாவில் 600 ரூபா மிச்சம். ஒரு பிள்ளையின் கொப்பிச் செலவில் ஒரு பகுதி அதில் முடியும்.

வரிப் பதிவில் யாருடைய பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். பல வீடுகளில் இன்னும் மௌத்தான ஒருவரின் பெயரே இருக்கும். வரிப் பற்றுச்சீட்டு வீட்டு உறுதிக்கு ஈடாகாது. ஆனாலும் உறுதி பெண்ணின் பெயரிலும் பதிவு வேறொருவர் பெயரிலும் இருந்தால், அறிவித்தலும் அவகாசமும் அவளுக்குத் தெரியாமலே போகலாம்.

உம்மும்மாவுக்கு இதையெல்லாம் ஓர் அஸருக்குப் பின் சொல்லி முடித்தேன். கடதாசியில் எங்கள் வீட்டுக்கு ஐந்து அறைகள் என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தோம், நான்குதான் இருந்தன. பழைய மாட்டுக் கொட்டிலையும் ஓர் அறையாக எண்ணியிருக்க வேண்டும். ஆட்சேபக் கடிதத்தை நான் எழுதினேன். உம்மும்மா கையெழுத்திட்டார். எழுதி முடிந்ததும் அவர் இன்னொன்று சொன்னார்: "பிழையத் திருத்தச் சொல்லு மகள். மிச்சத்தக் கட்டுவம். முன்னுக்கு லைட்டும் எரியத்தானே வேணும்."

முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் இம்முறை அறிவித்தல் ஆணியில் குத்தப்படவில்லை. என் மேசையில் இருக்கிறது.